செவிப்பேசி வாயடைத்தால் செந்தமிழும் வாயடைப்பதோ?

தமிழன் கையால் பூட்டப்பெற்ற பொறி, தமிழன் வீட்டில் பழுதுறுங்கால் தமிழில் வழிசொல்ல மறுக்கின்றது. இவ்விழிவு எங்கோ தொலைநாட்டில் நேர்வதன்று. திருப்பெரும்பூதூர் தொடங்கி ஒரகடம் வரை தொழிலகங்கள் அணிவகுத்து நிற்கும் நம் மண்ணிலேயே நாடோறும் நேர்கின்றது.

2006ஆம் ஆண்டில் நோக்கியா நிறுவனம் திருப்பெரும்பூதூரில் கைப்பேசி செய்யத் தொடங்கியது. 2007இல் தெல் நிறுவனம் அங்கே கணினித் தொழிலகம் திறந்தது. அவ்வூர்ப் பிளெக்சு தொழிலகத்தில் எச்.பி. மடிக்கணினிகள் செய்யப்பெறுவதாக 2021இல் அறிவிப்பு வந்தது. நிலம் நம்முடையது, நீர் நம்முடையது, இரவும் பகலும் மாறிமாறி நின்று உழைக்கும் இளங்கைகள் நம்முடையவை. நோக்கியாவோ 2014 நவம்பர் முதல் நாளொடு கைப்பேசி செய்வதை நிறுத்திக் கதவடைத்தது. வரும் நிறுவனம் ஒருநாள் போகும், அது வியப்பன்று. போகுமுன் அத்தொழிலறிவில் எத்துணைப் பங்கு தமிழில் இறங்கித் தங்கியது? இதுவே நம் வினா.

பெரிய நுட்பங்களைப் பேச வேண்டா; மிகச் சிறிய ஒன்றைக் கொள்வோம். மடிக்கணினியில் செவிப்பேசியை மாட்டுகின்றான் மாணவன், ஒலி வரவில்லை. பெட்டியொடு வந்த தாளைப் புரட்டுகின்றான்; ஆங்கிலம். திரையை நோக்குகின்றான், ஆங்கிலம். விண்டோசுக்குத் தமிழ் முகப்பு உண்டுதான்; ஆனால் அதனை அவனே தேடிப் பொருத்திக்கொள்ளல் வேண்டும். கேட்டால், “இந்நுட்பமெல்லாம் தமிழில் சொல்ல வருமா?” என்று ஏளனம் செய்வார் சிலர். அவர்க்கு மறுமொழியாக இங்கேயே சொல்லிக் காட்டுவோம்.

முதற்கண், பழுது எப்பக்கம் என்று பிரித்தறிக. அச்செவிப்பேசியை வேறொரு கருவியில் மாட்டிப் பார்க்க. ஆங்கும் ஒலி இல்லையேல் குறை செவிப்பேசியினது. ஆங்கு ஒலிக்குமேல், குறை மடிக்கணினியின் செருகுவாயிலோ அதன் அமைப்பிலோ உள்ளது.

இரண்டாவது, செருகியை நோக்குக. 3.5 மி.மீ. செருகியில் இரண்டு கருவளையங்கள் இருப்பின், அதன் பகுதிகள் மூன்று: இடச்செவிக்கு ஒன்று, வலச்செவிக்கு ஒன்று, இரண்டிற்கும் பொதுக்கம்பி ஒன்று. மூன்று வளையங்கள் இருப்பின் நான்காம் பகுதி ஒலிவாங்கிக்கு உரியது. செருகி முற்றும் இறங்காமலோ, செருகுவாயில் தூசடைந்தோ, பொதுக்கம்பியின் தொடர்பு அறுந்தால் விந்தையொன்று நிகழும்: பின்னிசை கேட்கும், பாடுவோர் குரல் மட்டும் மங்கி மறையும். என்ன கரணியம்? குரல் பெரும்பாலும் இருபுறமும் ஒரே அளவாகப் பதியப்பெறுவது. பொதுக்கம்பி இல்லாவிடத்து இருபுற ஒலிகளின் வேறுபாடே செவிக்கு எட்டும். ஒத்தவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். செருகியை அழுத்திச் செருகினாலே பலகால் குரல் மீளும்.

மூன்றாவது, அமைப்பைக் காண்க. ஒலியளவு அடக்கப்பட்டுள்ளதா? ஒலி வெளியேறும் வழியாகச் செவிப்பேசி தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதா, அன்றி வெளித்திரையோ வேறு கருவியோ தேர்வில் நிற்கின்றதா? இவை செவ்வையாயின் கணினியை ஒருமுறை அணைத்து இயக்குக. அதன்பின் ஒலி இயக்கி என்னும் மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவுக.

நான்காவது, கம்பியில்லாச் செவிப்பேசி. ‘ஊடலை’ என்று நம்மவர் பெயரிட்ட புளூடூத்து வழி இசை தெளிவாகக் கேட்கும். உரையாடத் தொடங்கியவுடன் ஒலி தேய்ந்து கரகரக்கும். இது பழுதன்று. செவிப்பேசியின் ஒலிவாங்கியும் உடன் இயங்குங்கால், இணைப்பு உரையாடலுக்குரிய தாழ்ந்த முறைக்கு மாறிவிடுகின்றது. மடிக்கணினியின் ஒலிவாங்கியைத் தேர்ந்துகொண்டால் தெளிவு பெரும்பாலும் மீளும்.

சொல்லி முடித்துவிட்டோம். எவ்விடத்தில் தமிழ் தடுக்கி விழுந்தது? எச்சொல்லுக்கு ஆங்கிலத்தின் காலைப் பிடித்தோம்? இயலாமை தமிழுக்கு இல்லை. எழுதாமை நமக்கு உண்டு.

ஆம், அன்பர்களே! பகைவரை மட்டும் சாடிப் பயனில்லை. காதொலிப்பான் என்பதா, செவிப்பேசி என்பதா, தலைபேசி என்பதா என்று மேடைதோறும் சொற்போர் புரிகின்றோம். அச்சொற்களுள் ஒன்றையேனும் கொண்டு ஒரு பழுதை நீக்கும் வழியை எழுதி மாணவன் கையில் கொடுத்தோமா? பட்டியலில் கிடக்கும் சொல் உறையில் கிடக்கும் வாள். பணியில் இறங்கிய சொல்லே வாழும். வேலை செய்யாச் சொல்லை அகரமுதலி காக்காது.

அரசின் கடமையோ இதனினும் பெரிது. 1956இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் இயற்றினோம். 2011 செப்தம்பர் 15ஆம் நாள் முதற்கொண்டு தமிழ்நாட்டரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கிற்று, வரவேற்கின்றோம். ஆனால் கருவியைக் கொடுத்தல் கொடையின் பாதியே. அதனை ஆளும் அறிவைத் தாய்மொழியில் கொடுத்தலே மறுபாதி. பிறர் என் செய்தனர்? கனடாவின் கியூபெக்கு மாநிலம், தன் மண்ணில் விற்கும் பொருளின் பயன்முறைத் தாளும் பொறுப்புறுதிச் சான்றும் பிரஞ்சில் இருத்தல் வேண்டுமென 1977இலேயே சட்டம் செய்தது. 1994இல் பிரான்சு நாடும் அவ்வாறே சட்டம் இயற்றியது. அச்சட்டங்களைக் கண்டு வணிகர் ஓடிவிடவில்லை. மொழிபெயர்த்துக் கொடுத்து விற்கின்றனர். அங்கே பணியும் வணிகம் இங்கே மட்டும் ஏன் நிமிர்கின்றது? கேட்பார் இல்லாமையால்!

எனவே கேட்போம். தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் தமிழில் பயன்முறைத் தாளும் பழுதுநீக்கு வழியும் கட்டாயமென அரசு சட்டம் செய்யட்டும். அரசு வாங்கி வழங்கும் கணினி, தமிழ் முகப்போடே மாணவன் கைக்கு வரட்டும். சட்டம் வரும்வரை நாம் வாளா இருத்தல் தகாது. ஆசிரியப் பெருமக்களே! மேலே கண்ட நான்கு வழிகளை ஒரு தாளில் எழுதி உங்கள் பள்ளிக் கணினியறையின் சுவரில் ஒட்டுங்கள். தொழிலகத்தில் பணிபுரியும் தம்பி தங்கையரே! நீங்கள் கையால் அறிந்ததைத் தமிழால் எழுதுங்கள்.

பூட்டிய கைக்குப் பிரித்துச் செவ்வைசெய்யும் உரிமையும் உண்டு. அவ்வுரிமை தமிழில் எழுதப்படும் நாளே, அத்தொழில் நம் மண்ணில் வேரூன்றிய நாள். எழுதுகோலை எடுங்கள்!