மழையில் மட்டும் வேலை செய்யாத டிவி

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள். வாசிக்காமல் லைக் மட்டும் போடுகிறவர்கள் வழக்கம்போலப் போடலாம், வாத்தியாருக்கு யார் யார் என்று தெரியும்.

நேற்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மலைப்பக்கம் கறுத்தது. ஐந்தரைக்கு இடி. டிவியில் செய்தி வாசிப்பவர் "கன்னியாகுமரி மாவட்டத்துக்கு" என்று வாயைத் திறந்தார், அதோடு சரி. படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பிறகு நீலத் திரையில் 'சிக்னல் கிடைக்கவில்லை'. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு என்ன? பள்ளிக்கூட விடுமுறையா, கனமழையா, பேச்சிப்பாறை அணை திறப்பா? முக்கால் மணி நேரம் கழித்துப் படம் திரும்பி வந்தபோது நகைக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே மழையும் விட்டிருந்தது.

சந்தா வாங்குகிற நிறுவனத்தின் சேவை எண்ணுக்குப் போன் செய்தேன். அந்தப் பையன் மரியாதையாகத்தான் பேசினான். "மழை விட்டதும் தானாக வந்துவிடும் சார், அது இயற்கை" என்றான். அவன் மேல் கோபம் இல்லை. எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறான். எனக்குக் கோபம் அந்த 'இயற்கை' என்ற சொல் மேல்தான்.

நான் இஞ்சினியர் இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்து, 33 வருடம் நடுநிலைப்பள்ளியில் அறிவியலும் கணக்கும் நடத்தியவன். ஆனால் இந்த விஷயத்துக்கு அந்தக் கணக்கே போதும்.

செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அவ்வளவு தூரமும் சிக்னல் சுகமாக வந்துவிடுகிறது. கடைசி ஐந்து கிலோமீட்டரில், மழை இருக்கிற இடத்தில்தான் அது சாகிறது. காரணம் அலைநீளம். நம் வீட்டு டிஷ் வாங்குகிற 'கே.யு. பேண்ட்' அலை சுமார் 12 கிகாஹெர்ட்ஸ், நீளம் இரண்டரை சென்டிமீட்டர். மழைத்துளி சில மில்லிமீட்டர். இவ்வளவு சின்ன அலையைத் துளிகள் உறிஞ்சும், சிதறடிக்கும். பழைய கேபிள்காரர்கள் மொட்டைமாடியில் எட்டடி, பத்தடிக்கு ஒரு கம்பிவலைக் குடை வைத்திருந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அது 'சி பேண்ட்', சுமார் 4 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் ஏழரை சென்டிமீட்டர். மழை அதை அவ்வளவாகத் தொடாது.

அப்படியானால் ஏன் நமக்கு மழைக்கு ஆகாத அலை? டிஷ் சின்னதாக இருக்க வேண்டும். பைக்கின் பின்னால் வைத்துக் கொண்டுவந்து, ஒரே ஆள் அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், விலையும் குறைய வேண்டும். அதற்காக மழையை விட்டுக்கொடுத்தார்கள். அதைத் தப்பு என்றுகூட நான் சொல்லமாட்டேன். கேபிள் போகாத மேட்டு வீட்டுக்கும் அதனால்தான் டிவி வந்தது. ஆனால் அது வியாபாரி போட்ட கணக்கு. அதை இயற்கை என்று சொல்லாதே.

கணக்கு என்றேன், போட்டே காட்டுகிறேன். ஒரு சேவை வருடத்தில் 99.7 சதவீத நேரம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சையில் இந்த மார்க் வாங்கினால் மாலை போடுவோம். வருடத்துக்கு 8,760 மணி நேரம். மீதி 0.3 சதவீதம் என்றால் 26 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் எந்த 26 மணி நேரம்? வெயிலடிக்கிற ஞாயிற்றுக்கிழமை மதியம் படம் பார்க்கிற நேரமா? இல்லை. வருடத்திலேயே மழை மோசமாகக் கொட்டுகிற 26 மணி நேரம். வானிலைச் செய்தி எனக்குத் தேவைப்படுகிற நேரமும் அதுதான். அந்த 99.7-ஐ நீயே வைத்துக்கொள், எனக்கு அந்த 0.3-ஐக் கொடு.

இன்னொன்று. ஜெய்சால்மர் பாலைவனத்து வீட்டிலும் அதே 60 சென்டிமீட்டர் டிஷ், விளவங்கோடு வட்டத்து வீட்டிலும் அதேதான். எங்கள் பாட்டி இடவப்பாதி என்பாள், துலாவர்ஷம் என்பாள். இரண்டு பருவமழையும் வாங்குகிற மண் இது. இங்கே 90 சென்டிமீட்டர் மாட்டினால் பரப்பு இரண்டே கால் மடங்கு. பெருமழையை அதுவும் தாண்டாது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் நடுத்தர மழையில் போகிற படம் நிற்கும், பெருமழையில் கொஞ்சம் பிந்திப் போய்க் கொஞ்சம் முந்தி வரும். இதை எந்த ஏஜெண்டாவது மாட்டும்போது சொன்னானா?

நம் தப்பும் உண்டு. தென்னை ஓலை வளர்ந்து டிஷ்ஷை மறைத்திருக்கும், கேபிள் முனையில் தண்ணீர் இறங்கித் துரு பிடித்திருக்கும், குரங்கு ஆட்டிவிட்டுப் போயிருக்கும். வெயில் நாளில் செட்டாப் பாக்ஸில் சிக்னல் தரத்தைப் பாருங்கள். அப்போதே குறைவாக இருந்தால் தூறலுக்கே படம் போய்விடும். பலர் வீட்டில் பாதிக் குறை இதுதான்.

எண்பதுகளில் மூங்கில் கம்பத்தில் ஆன்டெனா கட்டி, திருவனந்தபுரம் தூர்தர்ஷன் பார்த்தோம். நான் மலையாளம் வாசிக்கப் பழகியதே அந்தப் பெட்டியில்தான். மழையில் படம் புள்ளி புள்ளியாகும். கம்பத்தைத் திருப்ப ஒரு பையன் மேலே, "தெரியுதா" என்று கேட்க ஒரு பையன் நடுவில். ஆனால் குரல் கேட்கும். பேய்ப் படத்துக்குள்ளே இருந்தும் 'புயல்' என்ற சொல் காதில் விழும். இப்போது வருகிற டிஜிட்டலில் ஒன்று முழுசாக வரும், இல்லாவிட்டால் ஒன்றுமே வராது. அந்த நிலக் கோபுரங்களைப் பழசு என்று சொல்லி, சுமார் 50 இடம் தவிர மற்றதையெல்லாம் 2022 மார்ச்சுக்குள் மூடுவதாகப் பிரசார் பாரதி அறிவித்தது. ஏழைக்கு இலவசமாக டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறதே என்றார்கள். அதுவும் கே.யு. பேண்டுதான்.

"போனில் பார்த்துக்கலாமே சாரே" என்று என் பழைய மாணவன் ஒருவன் போன தடவை கமெண்ட் போட்டிருந்தான். மக்களே, நீ துபாயில் இருக்கிறாய். 2017 நவம்பர் 30 அன்று நீ இங்கே இருந்தாயா?

நாங்கள் இருந்தோம். ஒக்கி குமரிமுனைக்குத் தெற்கே கடலில் புயலான காலை அது. ரப்பர் முறிந்தது, வாழை படுத்தது, மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்ட் பல நாள் இல்லை. டிஷ், கேபிள், வைஃபை எதுவும் இல்லை. செல்போன் கோபுரங்களும் பேட்டரி தீர்ந்து செத்தன. கடற்கரையில் யார் வந்தார், யார் வரவில்லை என்பது நமக்கு வாய்வழியாகத்தான் தெரிந்தது. டிசம்பர் 7 அன்று தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடிப் பக்கத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் நடந்து வந்து, நம் குழித்துறை ரயில் நிலையத் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். உள்நாட்டில் இருந்த எங்களில் பலருக்கு, கடலில் இத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்பது அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் உறைத்தது. ஏழெட்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற கடல்!

டிவி தெரிந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லவரவில்லை. ஆழ்கடலில் தங்கலுக்குப் போன விசைப்படகில் ஏது டிவி? அவர்களுக்குச் செய்தி எட்ட வேறு வழி வேண்டும். அதற்குத்தான் 2019-இல் 'ஜெமினி' கருவி வந்தது. ககன் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை வாங்கும். அதன் அலைநீளம் சுமார் 19 சென்டிமீட்டர், மழை ஒன்றும் செய்யாது. ஆக, மழையைத் தாண்டுகிற அலை எது என்று இவர்களுக்குத் தெரியும். கரையில் இருக்கிற நமக்கு என்று வரும்போதுதான் 'இயற்கை'.

நமக்குப் புதிய கருவிகூட வேண்டாம். நாகர்கோவில் வானொலி 1984 அக்டோபர் 30-இல் தொடங்கியது, நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம். பண்பலை 101 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் மூன்று மீட்டர். மழைத்துளி அதன் முன்னால் எம்மாத்திரம்? இரண்டு பேட்டரியில் ஓடும், கரண்ட் வேண்டாம், சந்தா வேண்டாம். அந்தக் கோபுரத்தில் யாரும் கைவைக்கக் கூடாது. எச்சரிக்கை விடுத்த நாளில் இரவு முழுக்க, மணிக்கு ஒரு தடவை, நம் மாவட்டத்துக்கு மட்டும் அறிவிப்பு வேண்டும்: எந்த அணை எத்தனை அடி, எந்தச் சாலையில் தண்ணீர், எந்தத் துறையில் எத்தனை படகு கரை திரும்பவில்லை. டிஷ் விற்கிறவர்கள் பெட்டியின் மேலேயே 'கனமழையில் வேலை செய்யாது' என்று தமிழில் அச்சடிக்கட்டும். மழை மாவட்டங்களில் பெரிய டிஷ்ஷையும் வாங்குகிறவர் முன்னால் வைக்கட்டும்.

இந்த இரண்டையும் கேட்டு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் சனிக்கிழமை காலை வீட்டுக்கு வரலாம், சாயா உண்டு. பழைய ரேடியோவை அலமாரியில் இருந்து எடுத்தாயிற்று. பேட்டரி போடுகிற இடத்தில் பச்சைப் பூஞ்சை. சுரண்டித் துடைத்திருக்கிறேன். மழை வருவதற்குள் மார்த்தாண்டம் போய்ப் பேட்டரி வாங்கி வர வேண்டும்.