தலைவர்களின் சொல்லும் ஓர் அமானிதமே

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

தாயில்பட்டியில் நாம் பணியாற்றும் மத்ரஸாவில் சென்ற சுதந்திர தினத்தன்று மாணவர் ஒருவர் உரையாற்றினார். உரையை எழுதிக் கொடுத்தது நாம்தாம். கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள் அரசியல் நிர்ணய சபையில் கூறியதாக அதில் ஒரு வாசகம் இருந்தது. கைபேசியில் எவரோ அனுப்பியது. படிக்க அழகாக இருந்தமையால் அப்படியே எடுத்துச் சேர்த்திருந்தோம்.

விழா முடிந்தபின், சிவகாசி அச்சகமொன்றில் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், புள்ள நல்லாப் பேசுச்சு. அந்த வார்த்தையைக் காயிதே மில்லத் எந்தத் தேதியில சொன்னாங்க?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. அவர் வேறெதுவும் சொல்லாமல் முஸாஃபஹா செய்துவிட்டுச் சென்றார்.

அந்த வாரம் முழுவதும் நாம் மாணவர்களுக்கு நடத்திக்கொண்டிருந்த பாடம், ஹதீஸ் கலையின் அடிப்படைகள். ஸனத் என்றால் என்ன, அறிவிப்பாளர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க இயலுமா என்றெல்லாம் வகுப்பில் விளக்கினோம். வகுப்பறையை விட்டு வெளியே வந்ததும், அறிவிப்பாளர் பெயரே இல்லாத ஒரு செய்தியைப் பிள்ளையின் வாயில் வைத்தோம். இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. எனினும் இது நம் ஒருவருடைய பிழை மட்டும் அன்று என்பதால் எழுதத் துணிந்தோம்.

மார்க்கம் கற்றுத்தந்த முறை

செய்தி ஒன்று வந்தால் அதை நன்கு விசாரித்துத் தெளிய வேண்டும் என்று அல்குர்ஆனின் ஸூரத்துல் ஹுஜுராத் (49:6) கட்டளையிடுகிறது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு ஸூரத்துல் பகராவின் மிக நீண்ட வசனம் (2:282) பணிக்கிறது. கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்ற கருத்தில் அமைந்த நபிமொழி முஸ்லிமில் பதிவாகியுள்ளது. யமாமா போருக்குப் பின் அபூபக்ர் (ரலி) அவர்கள் குர்ஆனை ஒன்றுதிரட்டும் பொறுப்பை ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஸைத் (ரலி) அவர்களோ குர்ஆனை மனனம் செய்தவர். அப்படியிருந்தும் தம் நினைவை மட்டும் நம்பிவிடாமல், எழுதப்பட்ட ஏடுகளையும் மனனம் செய்த பிறரையும் தேடிச் சென்றார்கள்.

தலைவர்களின் சொற்கள் வஹீ அல்ல. அவற்றை ஹதீஸோடு ஒப்பிடுவதும் நம் நோக்கமல்ல. ஆயினும் மறைந்துவிட்ட ஒருவர் கூறாததைக் கூறியதாகச் சொன்னால் அது பொய்தான். மறுத்துரைக்க அவர் இன்று நம்மிடையே இல்லை என்பதால் நம் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

ஏட்டில் உள்ளது என்ன?

1946 டிசம்பர் 9 அன்று கூடிய அரசியல் நிர்ணய சபையின் விவாதங்கள் சொல்லுக்குச் சொல் பதிவு செய்யப்பட்டு, 12 தொகுதிகளாக அச்சிடப்பட்டுள்ளன. இன்று அவற்றை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். கல்லூரியில் பயிலும் நம் பழைய மாணவர் ஒருவரின் துணையோடு, இஷாவுக்குப் பின் சில வாரங்கள் அந்தப் பக்கங்களைப் படித்தோம். நாம் எழுதிக் கொடுத்த வாசகம் அங்கே தென்படவில்லை. அதனினும் மேலானவை கிடைத்தன.

1948 நவம்பர் 23. இன்று அரசியலமைப்பின் 44-ஆம் பிரிவாக உள்ள பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு, வரைவில் 35-ஆம் பிரிவாக விவாதத்திற்கு வந்தது. திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்து சென்னை மாகாணத்தின் சார்பில் அங்கே அமர்ந்திருந்த இஸ்மாயில் சாஹிப் எழுந்து ஒரு திருத்தம் முன்மொழிந்தார். தனியார் சட்டம் உடைய எந்தச் சமூகத்தாரும் அதைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்பதே அதன் சாரம். சென்னை மாகாணத்தின் போக்கர் சாஹிபும் அன்று இதற்காக வாதாடினார். கே.எம். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் எதிர்த்து உரைத்தனர்.

நம் மேடைகளில் கதை பெரும்பாலும் இந்த அளவோடு நின்றுவிடுகிறது. ஏடோ தொடர்கிறது. டாக்டர் அம்பேத்கர் திருத்தத்தை ஏற்கவில்லை. முஸ்லிம்களின் தனியார் சட்டம் இந்நாடெங்கும் ஒரே சீராக இருந்ததில்லை என்று கூறி, வடமேற்கு எல்லை மாகாணத்தையும் மருமக்கள்தாயம் நிலவிய வட மலபாரையும் எடுத்துக்காட்டினார். அதே உரையில், இப்பிரிவு அரசை முயற்சி செய்யத்தான் சொல்கிறது என்றும், வருங்கால நாடாளுமன்றம் விரும்பி ஏற்பவருக்கு மட்டும் அச்சட்டம் பொருந்துமாறு தொடங்கலாம் என்றும் விளக்கினார். திருத்தம் தோற்றது.

இந்த மறுமொழியைப் படித்தபோது நமக்குச் சற்றுக் கசந்தது. நம் தரப்பின் வாதத்தில் எந்த இடம் பலவீனமாகக் கருதப்பட்டது என்பதை அன்றுதான் அறிந்தோம். எதிர்த் தரப்பின் சொல்லையும் முழுமையாகப் படித்தவரே தம் தரப்பை நேர்மையாக எடுத்துரைக்க இயலும். அழகிய வாசகம் ஒன்றை மட்டும் பெற்றுக்கொண்ட பிள்ளையிடம், நாளை கல்லூரியில் ஒருவர் அம்பேத்கரின் விடையை எடுத்துக் கூறினால் அவர் திகைத்து நிற்பார். அந்தத் திகைப்புக்கு ஆசிரியராகிய நாமே காரணமாவோம்.

மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்களின் எழுத்துகளும் இதே படிப்பினையைத் தருகின்றன. 1942 ஆகஸ்டில் கைதாகி அஹமத்நகர் கோட்டையில் அடைக்கப்பட்டபோது, தம் நண்பர் ஹபீபுர் ரஹ்மான் கான் ஷெர்வானிக்கு அவர் கடிதங்கள் எழுதினார். சிறையிலிருந்து அவை அனுப்பப்படவில்லை. 1946-இல் 'குபாரே காதிர்' என்ற பெயரில் நூலாயின. தேநீரைப் பற்றியும் சிட்டுக்குருவிகளைப் பற்றியும் எழுதும் அவர், தாம் சிறையிலிருக்கையில் மறைந்த மனைவி ஸுலைகா பேகத்தைப் பற்றியும் எழுதுகிறார். பாடநூல் காட்டாத ஆஸாத் அங்கே இருக்கிறார்.

அவருடைய அரசியல் நினைவுகளில் ஏறத்தாழ 30 பக்கங்கள் முத்திரையிடப்பட்டு, கல்கத்தா தேசிய நூலகத்திலும் புதுதில்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் ஒப்படைக்கப்பட்டன. 1958-இல் மௌலானா மறைந்தார். அடுத்த ஆண்டு அப்பக்கங்கள் இல்லாமலே நூல் வெளியாயிற்று. 1988-இல்தான் முத்திரை உடைக்கப்பட்டது. அமானிதம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

பிறர் பேணும் விதம்

ஆவணங்களைப் பேணுவதில் பிற நாட்டாரிடமும் நாம் கற்க வேண்டியது உண்டு. அமெரிக்காவை நிறுவிய வாஷிங்டன், ஆடம்ஸ், ஜெஃபர்சன் முதலானோரின் கடிதங்களும் ஆவணங்களும் 1,80,000-க்கும் மேல் ஒரே இணையதளத்தில் அனைவருக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளன. ஜெஃபர்சன் தாம் எழுதும் கடிதங்களுக்கு நகல் எடுத்து வைத்தார். அனுப்பியவை, பெற்றவை அனைத்திற்கும் பட்டியலும் வைத்திருந்தார். அவர் 1765-இல் வாங்கிய குர்ஆன் மொழிபெயர்ப்பு இன்றும் அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளது. 2007-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் முஸ்லிம் உறுப்பினர் கீத் எல்லிசன் அதன்மீது கைவைத்து உறுதிமொழி ஏற்றார்.

மனிதர் அனைவரும் சமம் என்று எழுதிய அதே கரம், தம் தோட்டத்து அடிமைகளின் பெயர்களைப் பண்ணைக் கணக்கில் எழுதியதும் அந்த ஆவணங்களால்தான் உலகுக்குத் தெரிகிறது. ஜெஃபர்சன் கூறாமலே அவர் பெயரில் உலவும் வாசகங்களைத் திரட்டி, இவை அவருடையவை அல்ல என்று அவர் வாழ்ந்த இல்லத்தின் நிர்வாகம் வெளியிட்டு வருகிறது. தம் தலைவரின் குறையையும் மறைக்காமல், அவர் பெயரிலான பொய்யையும் ஏற்காமல் இருக்கிறார்கள். இந்த ஒழுங்கு ஸனதைப் பயின்ற சமுதாயத்திற்கு அந்நியமானது அன்று.

நம் ஊரின் காகிதம்

நம் பகுதியில் பழைய காகிதம் எடைக்குப் போய்ப் பட்டாசுக் குழாயாகச் சுற்றப்படுவதை நாம் அறிவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஜமாஅத்தில் நெடுங்காலம் கணக்கெழுதிய பெரியவர் ஒருவர் வஃபாத்தானார். அவரிடம் பழைய கூட்டக் குறிப்புகளும், சந்தாப் புத்தகமும், அரபுத்தமிழில் எழுதப்பட்ட கடிதங்களும் உண்டு என்று கேள்விப்பட்டு நாற்பதாம் நாள் கழித்துச் சென்றோம். வெள்ளையடிக்கும்போது அந்தச் சாக்கைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டதாக வீட்டார் கூறினர். அவர்கள்மீது குறை இல்லை. கிழிந்த குர்ஆன் தாளைக் கண்ணில் ஒற்றி எடுத்து வைப்பவர்கள்தாம் அவர்களும். மற்றத் தாள்களுக்கும் மதிப்பு உண்டு என்று அவர்களுக்கு நாம் ஒருநாளும் சொல்லவில்லை.

வேலைக்குப் போய் வயிறு கழுவும் ஊரில் பழைய தாளுக்கு ஏது நேரம் என்று கேட்கலாம். 2025-இல் வக்ஃபு சட்டம் திருத்தப்பட்டு, சொத்து விவரங்களை இணையதளத்தில் பதிய வேண்டும் என்ற நிலை வந்தபோது, பழைய பத்திரத்தின் அருமை முத்தவல்லிகளுக்குத் தெரிந்தது. தேவை வரும் நாளில் தேடினால் தாள் கிடைப்பதில்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். தலைவர் பெயரில் ஒரு வாசகம் வந்தால் எங்கே, எப்போது, எந்த ஏட்டில் என்று கேளுங்கள், விடையில்லையேல் பகிராதீர்கள். ஜமாஅத்தின் நிகாஹ் பதிவேடு, கூட்டக் குறிப்பு, வக்ஃபுப் பத்திரம் ஆகியவற்றைப் பக்கம் பக்கமாகக் கைபேசியில் படமெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். மூலத்தைப் பூட்டிய பீரோவில் வையுங்கள். வீட்டுப் பெரியவர்களின் கடிதங்களை எடைக்குப் போடுமுன், அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த உஸ்தாதிடம் ஒருமுறை காட்டுங்கள்.

விழாவில் பேசிய மாணவரையும் அவருடைய வகுப்பாரையும் அழைத்து, நாம் தந்த வாசகத்திற்கு ஆதாரம் இல்லை என்று கூறிவிட்டோம். 1948 நவம்பர் 23-இன் விவாதத்தை, அம்பேத்கரின் விடையோடு, தமிழில் சுருக்கி அவர்களிடம் கொடுத்திருக்கிறோம். அடுத்த விழாவில் அவரே அதைப் பேசுவார், இன்ஷா அல்லாஹ். முன்வரிசையில் அமருமாறு அந்தப் பெரியவரையும் அழைத்திருக்கிறோம்.

வல்ல ரஹ்மான் நம் நாவுகளையும், நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஏடுகளையும் பேணிக்காக்கும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.