வேலை கேட்பது குற்றமா?

2019ல் தில்லி அரசுப் பள்ளிகளில் தொழில்முனைவோர் மனப்பாங்குப் பாடத்திட்டம் புகுத்தப்பட்டது. 2021ல் 11, 12ஆம் வகுப்பு மாணவர்களின் தொழில் யோசனைகளுக்குத் தலா 2,000 ரூபாய் வரை விதைப்பணமும் அறிவிக்கப்பட்டது. வேலை தேடாதே, வேலை கொடு என்பதே இதன் உட்பொருள்.

மாணவர்களின் ஆற்றலை நாம் ஐயுறவில்லை. ஆனால், வேலையின்மை இளைஞர்களின் மனப்பாங்கிலிருந்து பிறந்ததன்று. நிரப்பப்படாத அரசுப் பணியிடங்களும் ஆட்குறைப்பில் இலாபம் தேடும் மூலதனமுமே அதன் வேர்கள்.

1957ல் காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூட முற்பட்டபோது, தோழர் ஏ.கே.கோபாலன் துணையுடன் தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவற்றைத் தாமே ஏற்று நடத்தினர். தில்லியிலும் அப்படியொரு காபி ஹவுஸ் எழுந்தது. சமூகத் தொழில்முனைவைக் கற்பிக்க இதைவிடச் சிறந்த பாடம் ஏது? ஆசிரியர், மாணவர் அமைப்புகளில் பணியாற்றும் தோழர்கள் இவ்வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.