துண்டுச்சீட்டும் நாளிடாக் காசோலையும்

"கடன்பட்டு ஓடிவந்தவன்" என்னும் பழிச்சொல் தமிழகத்து ஊர்களில் எளிதாக வாயில் வருகின்றது. துபாயிலோ அபுதாபியிலோ வேலை பறிபோய், வைப்பகக் கடனை அடைக்கவியலாது வெறுங்கையனாய்த் திரும்பும் இளைஞனை உற்றாரும் ஐயத்தோடே பார்க்கின்றனர். அக்கடனைக் கொடுத்தவன் எந்த முறையில் கொடுத்தான் என்று கேட்பார் எவருமிலர்!

இராசபாளையத்திற்குத் தெற்கே மலையடியிலுள்ள சேற்றூர் (பேச்சில் சேத்தூர்) போன்ற ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குப் போகின்றவன் பெரும்பாலும் ஒரு கடனோடுதான் புறப்படுகின்றான். முகவனுக்குக் கொடுக்க ஊரில் வட்டிக்கு வாங்கியது அது. அதனை அடைக்க அங்கே இன்னொரு கடன். தங்கை திருமணத்தை ஊர்மெச்ச நடத்தும் வீம்பும் அதில் ஒரு பங்கு கொள்ளும். அதனை மறைப்பதிற் பயனில்லை.

இஃது இன்று நேற்றுத் தோன்றிய கண்ணியன்று. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழன் கங்காணியின் முன்பணத்தால் கட்டுண்டான். ஒரு தோட்டத்தை விட்டு மறுதோட்டம் புகவேண்டின், அவன் கடன்தொகை எழுதிய 'துண்டு' என்னும் சீட்டு வேண்டும். புதிய துரை அத்தொகையைக் கட்டி ஆளைப் பெற்றுக்கொள்வான். சந்தையில் மாடு கைமாறுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? 1921இல்தான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

துண்டு ஒழிந்தது, காசோலை வந்தது! அமீரகத்து வைப்பகங்கள் கடன் கொடுக்கும்போதே கையொப்பமிட்ட, நாளிடாத காசோலையை ஈடாக வாங்கிப் பூட்டிக்கொண்டன. சம்பளம் நின்றால் காசோலை திரும்பும், திரும்பினால் சிறை. அன்று வேலை போனவன் 30 நாளில் நாட்டைவிட்டு வெளியேறவேண்டியிருந்தது. கடன் வழக்கு வந்துவிட்டாலோ வெளியேறவும் கூடாது! சிறைக்குள் இருப்பவன் எதனை ஈட்டி எதனை அடைப்பான்? 2008ஆம் ஆண்டின் பொருளியல் வீழ்ச்சியில் துபாயின் கட்டட வேலைகள் நின்றபோது, தவணை முடியாத மகிழுந்துகளை வானூர்தி நிலையத்திலேயே விட்டு அயலார் வெளியேறுவதாக 2009 தொடக்கத்தில் உலகச் செய்தித்தாள்கள் எழுதின. அவ்வோட்டத்தை நகையாடியோர் அந்தக் காசோலையைப் பற்றி வாய்திறந்திலர். ஒருவர்க்குத் தரும் கடன் அவர் திங்கட்சம்பளத்தின் 20 மடங்கை மிஞ்சலாகாதென அந்நாட்டு நடுவண் வைப்பகம் வரம்பிட்டதே 2011இல்தான். பணமின்றித் திரும்பும் காசோலையைப் பெரும்பாலும் சிறைக்குற்றமாகக் கொள்ளாத திருத்தம் 2022 சனவரியில்தான் நடப்புக்கு வந்தது.

வாங்கிய கடனைத் திருப்பித் தருதல் அறமே. ஆனால் அவ்வறம் ஏழைக்கு மட்டுமோ? 9,000 கோடி உரூபாவுக்கு மேற்பட்ட வைப்பகக் கடனைப் பின்னே விட்டு விசய் மல்லையா 2016 மார்ச்சில் இலண்டனுக்குப் பறந்தார். ஓடிய பொருளியற் குற்றவாளிகளைப் பிடிக்க 2018இல் தில்லி இயற்றிய சட்டமோ, 100 கோடிக்குக் குறைந்த குற்றத்தைத் தொடுவதில்லை.

சிறியவனைத் தொடுவதற்கு வேறு வழி திறந்தது. 2020 சனவரியில், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்கீழ், அமீரக முறைமன்றங்களின் தீர்ப்பாணைகளை இந்திய மாவட்ட முறைமன்றங்களே நிறைவேற்றலாமென நடுவணரசு அறிவித்தது. சேற்றூர்க்காரனுக்கு அது திருவில்லிபுத்தூர். அவன் படிக்கவியலாத அரபு மொழியில் எழுந்த தீர்ப்பு, அவன் ஓட்டுவீட்டையும் கால்காணி நிலத்தையும் தேடிவரும்.

அவ்வறிவிப்பு வந்த சில திங்களில் கொள்ளைநோய் பரவிற்று. சம்பள நிலுவையைப் பெறாமலே வளைகுடாத் தொழிலாளர் பலர் வானூர்தி ஏறினர். நிலுவைக்கு வழக்காட அங்கே தங்கவேண்டும். தங்குவதற்கு நுழைவிசைவு வேண்டும். அதுவோ வேலையோடு போயிற்று. துபாய் வைப்பகம் தன் கடனுக்காகத் திருவில்லிபுத்தூர் முறைமன்றத்தின் படியேறலாம். தன் உழைப்பின் கூலிக்காக அதே படியில் ஏறச் சேற்றூர்த் தமிழனுக்கு எந்தச் சட்டத்தில், எந்தப் பிரிவில் இடமுண்டு? தில்லி விடைகூறட்டும்!