திரியும் கோழிக்கும் தடுப்பூசி வேண்டும்

புதுச்சேரியில் நெல்லித்தோப்பு என்று ஒரு பகுதி உண்டு. பெயரில் தோப்பு இருந்தாலும், இன்று அங்கே வீடுகள்தாம் நெருங்கி நிற்கின்றன. அத்தகைய ஒரு வீட்டுக் கொல்லையில் நாலைந்து நாட்டுக்கோழிகள் மண்ணைக் கிளறித் திரிவதாக வைத்துக்கொள்வோம். சிந்திய தானியம், கீரை, கரையான் ஆகியவற்றை அவை முட்டையாக்கித் தருகின்றன. எச்சம் மட்கி வாழைக்கு உரமாகிறது. கொல்லை இருப்பவர்கள் கோழி வளர்ப்பது நல்லது என்பதே என் கருத்து.

ஆனால், "நாட்டுக்கோழிக்கு நோயே வராது, திறந்து விட்டால் போதும்" என்று பலர் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இது சரிதானா?

வெள்ளைக்கழிச்சல் என்னும் நோயைப் பாருங்கள். 1926-ஆம் ஆண்டில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் இது கண்டறியப்பட்டது. பின்னர் இமயமலைப் பகுதியிலுள்ள இராணிக்கெட்டிலும் தோன்றியதால், நம் நாட்டில் இராணிக்கெட் நோய் என்று பெயர் பெற்றது. இதற்குக் காரணம் ஒரு வைரஸ். நோயுற்ற கோழியின் எச்சத்திலும் சளியிலும் அது வெளியேறுகிறது. வேலி தாண்டி மேயும் கோழி அதைத் தன் கூட்டுக்கே கொண்டுவந்துவிடும். கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்துத் திருகல் எனத் தொடங்கி, சில நாட்களில் கூடே காலியாகிவிடலாம். வந்தபின் குணப்படுத்த மருந்தில்லை. வருமுன் காக்கத் தடுப்பு மருந்து உண்டு.

"பாட்டி காலத்தில் ஊசியா போட்டார்கள்?" என்று கேட்கலாம். பிழைத்த கோழிகளை மட்டும் எண்ணிவிட்டு, மாண்டவற்றை மறந்துவிடுவதால் எழும் கேள்வி இது. கணக்கில் பாதியை விட்டுவிட்டால் விடை தவறத்தானே செய்யும்?

முதல் வாரத்தில் குஞ்சின் கண்ணில் அல்லது மூக்கில் சொட்டு மருந்து, ஏறக்குறைய எட்டாவது வாரத்தில் ஊசி என்பது வழக்கம். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு குப்பி மருந்து பெரும்பாலும் நூறு கோழிகளுக்கு மேல் போதுமானது. அதைக் குளிரில் வைக்க வேண்டும். கரைத்துவிட்டால் சில மணி நேரத்திற்குள் பயன்படுத்தியாக வேண்டும். ஐந்து கோழிக்காக யார் ஒரு குப்பியை உடைப்பார்கள்?

ஆகவே, இது ஒரு வீட்டு வேலையன்று, தெருவின் வேலை. அதை நீங்களே தொடங்கலாம். உங்கள் தெருவில் எத்தனை கோழிகள், எத்தனை குஞ்சுகள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். பெரியவர் ஒருவருடன் அரசு கால்நடை மருந்தகத்திற்குச் சென்று, எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் தடுப்பு மருந்து தரக் கேளுங்கள். கோழியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கைகழுவ மறவாதீர்கள்.

கோழியைத் திறந்து விடுவோம். ஆனால் கைவிட்டுவிட வேண்டாம்.