பட்டாதாரருக்காக வாதாடிய பேராசிரியர்

தாம்பரத்திலிருந்து முடிச்சூர்ப் பக்கம் செல்கையில், ஒரு காலத்தில் ஏரிப் பாசன நெல்வயல்களாக விளங்கி இன்று மனைப்பிரிவுகளாகவும், வண்டலூரை மீஞ்சூருடன் இணைக்கும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையாகவும் மாறிவிட்ட பூமியைப் பார்க்கும் எவருக்கும், இத்தகைய பட்டா நிலங்களுக்காகப் பாராளுமன்றத்தில் வாதாடிய ஆசார்ய என்.ஜி. ரங்காவின் ஞாபகம் வரவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

குண்டூர் ஜில்லாவின் நிடுபுரோலுவில் 1900-இல் பிறந்து, ஆக்ஸ்போர்டில் பொருளாதாரம் பயின்று, பச்சையப்பன் கல்லூரியில் அதையே போதித்த ரங்கா, 1930-இல் மத்திய சட்டசபைக்குள் புகுந்தார். 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுப் பண்ணை முறையை ஏற்றதும், உழுபவனின் சுவாதீனம் பறிபோகும் என்று அஞ்சி அக்கட்சியை விட்டு விலகி, அவ்வாண்டு ஜூனில் சென்னையில் ராஜாஜி தோற்றுவித்த சுதந்திரா கட்சியின் தலைவரானார். 1967 தேர்தலில் அக்கட்சி 44 இடங்களுடன் மக்களவையில் காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சியானபோது, அங்கே அதை வழிநடத்தியவரும் அவரே. டெக்ஸாஸில் பொருளாதாரப் பேராசிரியராயிருந்து, 1995 முதல் 2003 வரை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைத் தலைவராக விளங்கிய டிக் ஆர்மியின் வாழ்க்கையும் ஏறக்குறைய இவ்வழியே சென்றது. ஆனால் ஆர்மியின் சிந்தனை வரிக்குறைப்பைச் சுற்றியே நின்றது, ரங்காவினுடையதோ குடியானவனின் நிலத்திலிருந்து புறப்பட்டது.

குடியானவர் அரசுக்கு நேரடியாக வரி செலுத்தி அனுபவிக்கும் ரயத்துவாரி நிலங்களையும் 'எஸ்டேட்' என்ற வரையறைக்குள் அடக்கி, அவற்றைக் கையகப்படுத்துவதை அடிப்படை உரிமையின் பெயரால் எதிர்க்க இயலாதபடி செய்த 1964-ஆம் ஆண்டின் 17-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை அவர் தீவிரமாக எதிர்த்தார். உச்சவரம்புக்கு உட்பட்டு ஒருவர் தாமே பயிரிடும் நிலத்தை எடுத்தால் சந்தை மதிப்புக்குக் குறையாத நஷ்டஈடு தரவேண்டும் என்ற நிபந்தனை அத்திருத்தத்திலேயே இடம்பெற்றது, அக்காலத்து ஆட்சேபங்கள் அஸ்திவாரமற்றவையல்ல என்பதற்குச் சான்று. சுதந்திரா கட்சியை ராஜாக்களின் கட்சி என்று மட்டுமே நினைவுகூர்வது இக்காரணத்தால் நியாயமன்று.

எனினும் அவருடைய தரிசனத்தில் பெரிய குறை ஒன்று இருந்தது. தாம்பரம் அடங்கியிருந்த செங்கற்பட்டு ஜில்லாவின் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கை, நிலமற்ற தாழ்த்தப்பட்டோரின் துயரத்தை விவரித்து, அவர்களுக்கான பஞ்சமி நில ஒப்படைப்புக்கு வழி திறந்தது; பட்டாவே இல்லாத அந்தப் பண்ணையாளுக்கு ரங்காவின் சித்தாந்தம் அளித்தது சொற்பமே. பிற்காலத்தில் அவர் காங்கிரசுக்கே திரும்பியதைவிட இதுவே எனக்குக் கனமான குற்றமாகத் தோன்றுகிறது.

பரந்தூர் விமான நிலையத்துக்கு, சமூகப் பாதிப்பு ஆய்வைக் கட்டாயமாக்காத 1997-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி நிலம் எடுக்கப்படும் இந்நாளில், பட்டாதாரருக்கும் பட்டா இல்லாத கூலிக்காரருக்கும் ஒருசேர வாதாடக்கூடிய, பொருளாதாரம் கற்ற ஓர் உறுப்பினரேனும் நம் சட்டசபையில் எழுந்து அவ்வாய்வைக் கேட்கவேண்டும்.