சோல்பரியின் வேலியும் ஓவேலித் தமிழரும்

சோல்பரிப் பெருமகனார் நடுநிலையாளர்; ஈழத்தில் தமிழர்க்கு நேர்ந்தவற்றைக் கண்டு பின்னாளில் நெஞ்சுருகியவர் என்று நம்மவருள் படித்த சிலர் இன்றும் பாராட்டுரை படித்து வருகின்றனர். மலையகத் தமிழர் நாடற்றோர் ஆக்கப்பட்ட கொடுமையைப் பேச வரும்போதும், பழி முழுவதையும் சேனநாயக்காவின் தலையில் ஏற்றிவிட்டு, அவர் கையில் வாளைக் கொடுத்த வெள்ளையனுக்கு நன்றி கூறி அமைகின்றனர். அடிமைப் பழக்கம் அத்துணை எளிதில் அகலாது போலும்! அப் பாராட்டுரையை அவர்கள் நீலமலையில் கூடலூர்ப் பக்கத்து ஓவேலிக்கு வந்து படிக்கட்டும்.

ஏன் ஓவேலி? அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கொய்து வாழும் தமிழருள் பலர் இலங்கையிலிருந்து பெயர்த்து அனுப்பப்பட்டவரும் அவர்தம் வழியினரும் ஆவர். அரசு ஏடுகள் அவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்னும். ஊரார் 'சிலோன்காரர்' என்பர். கண்டி மலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு மண்டபம் முகாம் எங்ஙனம் தாயகம் ஆயிற்று என்று கேட்பாரில்லை. ஊரின் பெயரும் ஒரு மயக்கே. 'வேலி' என்று தமிழ்க் காதுக்கு இனிக்கும். ஆனால் அது நம் வேலியன்று. 19ஆம் நூற்றாண்டின் இடையில் நிலம்பூர்க் கோவிலகத்தாரிடம் அப் பள்ளத்தாக்கைப் பெற்றுக் குளம்பி பயிரிட்ட ஆக்டர்லோனி என்னும் வெள்ளையர் பெயரின் தலையெழுத்தோடு, பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒட்டி நிற்கும் உருவமே அது. வேலி போல் ஒலித்து வேலியாகாத இன்னொன்றைச் சோல்பரியும் தமிழர்க்குத் தந்தார்.

அவர் இயற்பெயர் ஏர்வால்டு இராம்சுபாதம். 1887-இல் பிறந்து, ஆக்சுபோர்டில் பயின்று, முதல் உலகப்போரில் பணியாற்றி விருது பெற்றவர். 1929-இல் பழமைக் கட்சியின் சார்பில் இலங்காசுட்டர் தொகுதியினின்று ஆங்கில நாடாளுமன்றம் புகுந்தார். 1936-இல் ஓய்வூதிய அமைச்சர். 1940-இல் கல்வித்துறைத் தலைவர். 1941-இல் அதனின்று நீங்கியதும் சோல்பரி என்னும் பட்டப் பெயரோடு பெருமக்கள் அவைக்கு ஏற்றப்பட்டார். பதவி நீங்கியோரைப் பட்டம் கொடுத்து ஆற்றுவது அந் நாட்டு மரபு. அத்தகைய ஒருவர் கையில்தான் 1944-இல் இலங்கைத் தீவின் எதிர்காலம் ஒப்படைக்கப்பட்டது.

அவரும் வேறிருவரும் சேர்ந்த ஆணைக்குழு 1944 திசம்பரில் கொழும்பு சேர்ந்தது. 1945 ஏப்பிரலில் திரும்பிவிட்டது. நான்கு திங்கள்கூட நிறையவில்லை. சிங்கள அமைச்சர்கள் வெளிப்படையாகப் புறக்கணித்துவிட்டுத் திரைமறைவில் வேண்டியதைச் செய்துகொண்டனர். பொன்னம்பலனார் சிங்களர்க்குப் பாதி, ஏனையோர்க்கெல்லாம் பாதி என்று சரிநிகர் இடங்கேட்டு வழக்காடினார், குழு மறுத்துவிட்டது. ஐவர் சென்னிங்சு என்னும் ஆங்கிலேய அறிஞரின் துணையோடு அமைச்சர்கள் முன்னரே வரைந்து வைத்திருந்த திட்டமே பெரும்பாலும் யாப்பாயிற்று. சிறுபான்மையர்க்குக் காப்பென்று அதில் காட்டப்பட்டது 29ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு. ஓரினத்தார்க்கோ சமயத்தார்க்கோ மற்றையோர்க்கில்லாத தடையை விதிக்கும் சட்டம் செல்லாது என்றது அது. இதைத்தான் வேலி என்றார்கள். வாக்குரிமை யார்க்கு என்பதையோ இலங்கையரே முடிவுசெய்து கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆட்டுக்குப் பட்டியமைத்துப் படலை ஓநாயிடம் ஒப்படைத்தது போல்வதன்றோ இது?

பட்டி எத்தனை நாள் நின்றது? 1947 தேர்தலில் மலையகத் தமிழரின் இயக்கம் 7 உறுப்பினரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிற்று. 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஏறத்தாழ 7 இலக்கம் தமிழர் குடியுரிமை இழந்தனர். 1949-இன் தேர்தல் திருத்தச் சட்டத்தால் வாக்கும் போயிற்று. 1952 தேர்தலில் அவ் வியக்கத்தார் ஒருவரும் இல்லை. (சரிபாதி கேட்ட பொன்னம்பலனார் 1948-இலேயே சேனநாயக்காவின் அமைச்சரவையில் போய் அமர்ந்துகொண்டார் என்பதையும் மறைக்க வேண்டா.) கோடகன் பிள்ளை என்பார் 29ஆம் பிரிவைக் காட்டி வழக்காடி, 1953-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றும் தோற்றார். தன் குடிமக்கள் யாரென வரையறுப்பது ஒரு நாட்டின் இயல்பான உரிமையாம்!

இவற்றையெல்லாம் சோல்பரி இலண்டனிலிருந்து கேள்வியுற்றாரா? இல்லை. 1949 சூலை முதல் 1954 வரை இலங்கையின் தலைமை ஆளுநராகக் கொழும்பிலேயே வீற்றிருந்தார். ('மகாதேசாதிபதி' என்று வடமொழியில் எழுதி மகிழ்ந்தனர் அங்குள்ள தமிழ் இதழாளர், அது வேறு கதை.) பெயரளவுத் தலைவர் என்ன செய்ய முடியும் என்பர். எதுவும் செய்யவியலாத நாற்காலி என்றால் அதில் ஏன் அமர்ந்தார்? தாம் நட்ட முள் தம் கண்முன்னே பிடுங்கப்பட்டபோது ஏன் எழுந்து செல்லவில்லை? 1954-இல் முன்னினும் உயர்ந்த பட்டத்தோடன்றோ நாடு திரும்பினார்!

1963-இல், பார்மர் என்பார் இலங்கையைப் பற்றி எழுதிய நூலின் முன்னுரையில், இந்திய யாப்பில் உள்ளவை போன்ற அடிப்படை உரிமைகளைத் தம் குழு உறுதிப்படுத்தாமற் போனது இரங்கத்தக்கது என்று எழுதினார். இவ்வொன்றுக்கே நம்மவர் உருகுகின்றனர். வாக்கிழந்து 14 ஆண்டு கழித்து வந்த இரக்கத்தால் எவன் வாக்குத் திரும்பி வந்தது? அவர் மூத்த மகன் யாழ்ப்பாணத்து யோகர் அடிகளுக்கு மாணாக்கராகிச் சாந்தசாமி என்னும் பெயரோடு தமிழர் நடுவே வாழ்ந்தார் என்பர். உண்மை, மகனை மதிப்போம். மகனின் நோன்பு தந்தையின் கணக்கில் வரவாகாது.

முன்னுரை வெளிவந்த மறு ஆண்டே, 1964 அக்தோபர் 30-இல், சிறிமாவோவும் சாத்திரியும் கையொப்பமிட்டனர். 9,75,000 பேருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இந்திரா காந்தியாரும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பகுத்துக்கொண்டனர். மாட்டை விற்பவனும் வாங்குபவனும் மாட்டையா கேட்பான்? சோல்பரி தொடங்கியதைத் தில்லி முடித்து வைத்தது. அங்கேயே தங்கிவிட்டவருள் குடியுரிமையின்றி எஞ்சியிருந்தோர்க்கு அதற்கென ஒரு சட்டம் வர 2003 ஆயிற்று.

இங்கு வந்தோர்க்கு வாக்குரிமை உண்டு. குடியிருக்கும் மண் யாருடையது என்பதுதான் தீராச் சிக்கல். 1969ஆம் ஆண்டுக் கூடலூர்ச் சன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலம் என்று சொல்லிச் சொல்லி, பட்டாவுக்கும் மின்னிணைப்புக்கும் அவர்களை ஆண்டுக்கணக்காக அலைய விட்டனர் அலுவலர். ஆக்டர்லோனிக்குக் கேட்டவுடன் கிடைத்த அதே கோவிலக நிலந்தான் அது.